கதையா, கட்டுரையா? உங்கள் வாசிப்பு ருசியைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு மணி நேரம் சும்மா நின்று காதைக் கொடுத்தால் போதும், இரண்டு வசனங்கள் திரும்பத் திரும்ப விழும். "நான் நாவலெல்லாம் படிக்கிறதில்ல சார், அந்த நேரத்துல நாலு விஷயம் தெரிஞ்சுக்கலாம்" என்பது ஒன்று. "கட்டுரைப் புத்தகமா? ரெண்டு பக்கத்துல தூக்கம் வந்துரும்" என்பது இன்னொன்று. சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், முதல் ஆள் கடைசியாகப் படித்த நாவல் பள்ளியில் துணைப்பாடமாக வந்தது என்பார், இரண்டாவது ஆள் கடைசியாகப் புரட்டிய கட்டுரை நூல் யாரோ பரிசளித்த, மோசமாக மொழிபெயர்க்கப்பட்ட ஒரு சுயமுன்னேற்றப் புத்தகமாக இருக்கும். கையில் அகப்பட்டதை வைத்துத் தங்கள் ருசியை முடிவு செய்துவிட்டார்கள்.

புனைவு (கதை, நாவல்), அபுனைவு (கட்டுரை, வரலாறு மாதிரி நிஜத்தை எழுதுவது) என்ற பிரிவு நூலகத்தில் அடுக்குவதற்கு நல்ல பிரிவுதான், உங்கள் ருசி அந்தக் கோட்டின் மேல் ஓடுவதில்லை. இந்தப் பக்கம் ஒருவருக்குப் பிடித்த அதே விஷயம் அந்தப் பக்கமும் கிடைக்கும். அது என்ன விஷயம் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த வழிகாட்டி. ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும், மற்றபடி செலவில்லை.

முதல் படி: முடித்த புத்தகங்களை மட்டும் எழுதுங்கள்

வாங்கிய புத்தகங்களை எழுதாதீர்கள். வாங்குவது நாம் எப்படி இருக்க ஆசைப்படுகிறோம் என்பதைத்தான் காட்டும். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் கடைசிப் பக்கம் வரை போன புத்தகங்கள் எவை, அவ்வளவுதான் கேள்வி. வார இதழில் விடாமல் படித்த தொடர் இருந்தால் அதையும் சேருங்கள், கிண்டிலில் படித்ததும் காதில் கேட்ட ஒலிநூலும் கணக்குத்தான். நினைவுக்கு வராத புத்தகத்தை வலிந்து தேட வேண்டாம், நினைவில் இல்லை என்பதே ஒரு பதில். பக்கத்தில் இன்னொரு பட்டியல் போடுங்கள்: பாதியில் விட்டவை. எந்த இடத்தில் விட்டீர்கள் என்று குத்துமதிப்பாக எழுதினால் போதும். முப்பதாம் பக்கத்தில் விட்டதும் முந்நூறாம் பக்கத்தில் விட்டதும் ஒன்றில்லை. முப்பதில் விட்டால் நடை ஒட்டவில்லை, முந்நூறில் விட்டால் ஆசிரியருக்கே சரக்கு தீர்ந்திருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் எது கதை எது கட்டுரை என்று பிரிக்க வேண்டாம். கை துறுதுறுக்கும், பொறுங்கள்.

இரண்டாவது படி: ஏன் பக்கம் புரட்டினீர்கள்?

முடித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே ஒரே ஒரு காரணம் எழுதுங்கள். 'நன்றாக இருந்தது' என்று எழுதக் கூடாது. பெரும்பாலும் நாலு காரணங்களுக்குள் அடங்கும். ஆள்: ஒரு மனிதர் என்ன ஆனார் என்று தெரிய வேண்டியிருந்தது. செய்தி: தெரியாத ஒரு உலகம் தெரிந்தது. நடை: அவர் எழுதுகிற விதத்துக்காகவே படித்தேன். வாதம்: அவர் சொன்னதோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே படித்தேன்.

இப்போது வேடிக்கை ஆரம்பிக்கும். 'ஆள்' என்று எழுதிய வாசகர் தன்னைக் கதை வாசகர் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். அவர் கையில் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலைக் கொடுத்துப் பாருங்கள். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1942இல் அவர் இறந்துபோனதால் முடிவு பெறாமல் நின்றது. முழுக்க நடந்த சம்பவங்கள், ஆனாலும் அதில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற ஆசிரியரும் அவர் பின்னாலேயே அலைகிற இளம் மாணவரும் எந்த நாவலின் பாத்திரங்களுக்கும் குறைந்தவர்கள் இல்லை. தலைப்பைப் பார்த்து ஏதோ தமிழறிஞர் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் இழப்பது ஒரு நல்ல கதையை.

அதேபோல 'செய்தி' என்று எழுதியவர் நாவலைத் தொடமாட்டேன் என்பார். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தில் தெற்கே குடிபெயர்ந்து வந்த தெலுங்கு பேசும் மக்கள் காட்டைத் திருத்தி ஊர் உண்டாக்குகிற விவரத்தைப் படித்தால் கரிசல் பூமியைப் பற்றி நாலு கட்டுரை படித்த நிறைவு கிடைக்கும். வாதம் பிடிக்கிறவருக்கு 1981இல் வந்த 'ஜே.ஜே: சில குறிப்புகள்' இருக்கிறது. இல்லாத ஒரு எழுத்தாளரின் வாழ்க்கையை நிஜம் மாதிரி எழுதி, இலக்கியம், அரசியல், சமூகம் என்று ஒன்றையும் விடாமல் சுந்தர ராமசாமி சண்டைக்கு இழுக்கிற நாவல் அது. 'நடை'க்காரர்களுக்கு எந்தப் பக்கமும் கவலையில்லை, அவர்கள் எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டு அவர் போகிற இடமெல்லாம் போவார்கள்.

பட்டியலில் எந்தக் காரணம் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் உங்கள் ருசி. ஒன்றும் கூடுதலாக வராமல் கலந்து வந்தால் இன்னும் நல்லது, உங்களுக்குக் கடை முழுக்கத் திறந்திருக்கிறது.

மூன்றாவது படி: பிடிக்காததற்கு யார் காரணம் என்று பிரியுங்கள்

பாதியில் விட்ட பட்டியலுக்கு வாருங்கள். தமிழில் அபுனைவு பிடிக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் மொழிபெயர்ப்பு என்பது என் கணிப்பு. ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே துருத்திக்கொண்டிருக்கும் புத்தகங்களைப் படித்துவிட்டு, எனக்கு அறிவியல் வராது, பொருளாதாரம் வராது என்று தங்களைத் தாங்களே குறைசொல்லிக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர். கடையில் நிற்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து நாலு வாக்கியம் மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள். ஒரு வாக்கியத்தை இரண்டாவது முறை படிக்க வேண்டியிருந்தால் விஷயம் கடினமாக இருக்கலாம், நாலையும் இரண்டாவது முறை படிக்க வேண்டியிருந்தால் புத்தகத்தை வைத்துவிடுங்கள். மூல நூலின் பெயர், வந்த வருடம், மொழிபெயர்ப்பாளர் பெயர் இவை உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். மொழிபெயர்த்தவர் பெயரைக்கூடப் போடாத பதிப்பகம் வேறு எதில் அக்கறை காட்டியிருக்கும்? வரலாறு, சமூகம் பற்றிய நூல் என்றால் கடைசியில் சான்றுப் பட்டியலோ சொல்லடைவோ (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்கிற அகரவரிசை) இருப்பது நல்ல அறிகுறி.

புனைவில் வாசகரைத் துரத்துவது பெரும்பாலும் வட்டார வழக்கு. மதுரைக்காரர் நாஞ்சில் நாட்டு நாவலைத் திறந்தால் முதல் இருபது பக்கம் திணறுவார், ஈழத்துப் பேச்சு வழக்கில் எழுதிய கதை சென்னைக்காரருக்கு இன்னும் கஷ்டம். இதற்கு ஒரே மருந்து, உரையாடல் பகுதியைச் சத்தமாகப் படிப்பது. கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும். சில பதிப்புகளில் பின்னால் அருஞ்சொல் பட்டியல் இருக்கும், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓடினால் கதை போய்விடும், குத்துமதிப்பாகப் புரிந்துகொண்டு நகர்வதே மேல்.

இன்னொரு தடை, மரியாதை. கதை எழுதினால்தான் இலக்கியம், கட்டுரையெல்லாம் தகவல் என்று ஒரு கூட்டம். கதை என்றால் பொழுதுபோக்கு, பெரியவர்கள் படிக்க வேண்டியது அறிவுநூல் என்று இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்துக்கு ஒரு தகவல்: தமிழுக்கான முதல் சாகித்திய அகாதமி விருது, 1955இல், ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' என்ற கட்டுரைத் தொகுப்புக்குத்தான் போனது. 2024க்கான விருது ஆ. இரா. வேங்கடாசலபதி 1908 திருநெல்வேலி எழுச்சியையும் வ.உ.சி.யையும் பற்றி எழுதிய வரலாற்று நூலுக்கு. நடுவே நாவல்களும் சிறுகதைகளும் நிறைய வாங்கியிருக்கின்றன, அது வேறு. இரண்டாவது கூட்டத்துக்கு அடுத்த படியில் பதில் இருக்கிறது.

நான்காவது படி: ஒரே விஷயத்தை இரண்டு பக்கமும் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு சம்பவம் அல்லது ஒரு காலம், அதைப் பற்றி ஒரு நாவல், ஒரு வரலாற்று நூல். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் எந்த இடத்தில் உங்களுக்கு உற்சாகம் வருகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

எளிய ஜோடி சோழர்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடர். படித்து முடித்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நாவல் வேண்டுமென்றே அதை மூடி வைக்கிறது. அங்கிருந்து நேராக வரலாற்றுக்கு வாருங்கள். காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய சகோதரர்களைக் குறிப்பிட்டு, அவர்களுக்கும் உறவினர்களுக்கும் சொந்தமான நிலம் என்ன ஆனது என்று சொல்கிறது. அவர்களுக்குப் பின்னால் யாராவது இருந்தார்களா? கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனுக்கு முன் அரசனாக இருந்த உத்தம சோழன் மீது சந்தேகப்பட்டார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. ஒரே கல், இரண்டு அறிஞர்கள், இரண்டு முடிவு. நாவலில் வரும் ரவிதாசன் கல்லில் இருக்கிறான், நந்தினி கல்கியின் மனசில் பிறந்தவள்.

இந்தப் பத்தியைப் படிக்கும்போது உங்களுக்கு எந்த இடம் சுவாரசியமாக இருந்தது என்று கவனியுங்கள். "ஐயோ, நந்தினி நிஜம் இல்லையா" என்று மனசு வாடினால் நீங்கள் ஆள் தேடுகிறவர். "அந்தக் கல்வெட்டை எங்கே படிக்கலாம்" என்று தோன்றினால் நீங்கள் எப்போதோ வரலாற்றுப் பக்கம் வந்திருக்க வேண்டியவர்.

கனமான ஜோடி வேண்டுமென்றால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, அப்போதைய தஞ்சை மாவட்டத்தில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இதை அடிப்படையாக வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதில் நிலக்கிழாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறை சார்ந்த ஒரு உளவியல் காரணம் பின்னப்பட்டிருக்கும். வர்க்கப் பிரச்சினையைத் தனிமனிதக் கோளாறாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். எனக்கும் அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே படுகிறது, ஆனால் நாவலை மட்டும் படித்தவருக்கு அந்தச் சண்டை நடந்ததே தெரியாது. அந்தப் பகுதியின் விவசாயச் சங்க வரலாறு, வழக்கு எப்படிப் போனது, உயர் நீதிமன்றம் எப்படி நிலக்கிழார்களை விடுதலை செய்தது என்பதையும் படித்தால்தான் நாவல் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டது என்று தெரியும். மறுபக்கம், தீர்ப்பையும் எண்ணிக்கையையும் மட்டும் படித்தவருக்கு அந்த ஊரில் அந்த மாதங்களில் மனிதர்கள் எப்படி மூச்சு விட்டார்கள் என்பது கிடைக்காது.

எதை முதலில் படிப்பது? ஒன்றும் தெரியாத காலம் என்றால் நாவலை முதலில் படியுங்கள், பெயர்களும் இடங்களும் மனசில் உட்கார்ந்துவிடும், பிறகு வரலாறு சுலபம். இன்னும் ஆறாத காயம் உள்ள விஷயம் என்றால் நடந்ததை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் நாவலாசிரியரின் ஊகம் உங்கள் மனசில் உண்மையாகப் பதிந்துவிடும், அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு.

கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிற புத்தகங்களும் இருக்கின்றன. 'எரியும் பனிக்காடு' தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்த்தது. கதைதான், ஆனால் கண்ணால் பார்த்தவர் எழுதியது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது, அதைத் தன்வரலாறு என்றும் சொல்கிறார்கள், நாவல் என்றும் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் போவது என்று முடிவாகாதவர்களுக்கு இந்த வகை நல்ல தொடக்கம்.

ஐந்தாவது படி: எப்போது, எங்கே படிக்கிறீர்கள்?

ருசி என்று நாம் நினைப்பதில் பாதி நேரப் பிரச்சினை. ஒரு நாவலுக்கு முதல் ஐம்பது அறுபது பக்கங்களை ஒரே மூச்சில், அதிகபட்சம் இரண்டு அமர்வில், படித்துவிட வேண்டும். பேருந்தில் ஐந்து ஐந்து பக்கமாகத் தொடங்கினால் யார் யாருடைய சித்தப்பா என்பதே மறந்துபோய், நாவல் போரடிக்கிறது என்ற முடிவுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தொடங்குங்கள், பிடித்த பிறகு பேருந்துக்குக் கொண்டுபோங்கள். பேருந்துக்கு என்றே சிறுகதையும் சிறிய கட்டுரையும் இருக்கின்றன. தொ. பரமசிவனின் கட்டுரைகள் பல சில பக்கங்களில் முடிந்துவிடும். உப்பு, தேங்காய், எண்ணெய் என்று நாம் தினமும் புழங்குகிற பொருளைப் பற்றி இரண்டு நிறுத்தங்களுக்குள் படித்துவிடலாம், அன்று முழுக்க யோசிக்கலாம். இரவுத் தூக்கத்துக்கு முன் கனமான வரலாறு வேண்டாம், தலை ஏற்காது, மறுநாள் காலையில் அதே பக்கத்தையே திரும்பப் படிப்பீர்கள். பெரிய புத்தகத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு: ஒரு நாளைக்கு 20 பக்கம் என்றால் 100 நாளில் 2000 பக்கம்.

ஆறாவது படி: படிக்கிற முறையை மாற்றுங்கள்

கட்டுரை நூலை நாவல் மாதிரி முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பொருளடக்கத்தைப் பார்த்து, உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த அத்தியாயத்தை முதலில் படியுங்கள். ஆசிரியர் நம்பத் தகுந்தவரா என்று அதிலேயே தெரிந்துவிடும். மூன்று பேர் எழுதிய அணிந்துரைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் அதில் என்ன இருந்தது என்று வீட்டில் யாரிடமாவது இரண்டு நிமிடம் சொல்லிப் பாருங்கள், கேட்க ஆள் இல்லையென்றால் ஓரத்தில் இரண்டு வரி எழுதுங்கள்.

நாவலுக்கு நேர்மாறு. முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள், அடிக்கோடு போட ஆரம்பித்தால் கதையிலிருந்து பொன்மொழி பொறுக்குகிற புத்தி வந்துவிடும். பின்னட்டையைப் படிக்காதீர்கள், முன்னுரையில் முடிவைச் சொல்லிவிடுகிற பதிப்புகளும் உண்டு.

எப்போது விடுவது என்பதற்கு அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன கணக்கு பிரபலம்: 50 பக்கம் படித்துப் பிடிக்கவில்லை என்றால் விடுங்கள், 50 வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மிச்சம் வருகிற பக்கங்கள் மட்டும் படித்தால் போதும். 60 வயதுக்காரருக்கு 40 பக்கம். தமிழ் நாவல்களில் முன்னுரை, பதிப்புரை, அணிந்துரையெல்லாம் போக எண்ணுங்கள் என்று நான் ஒரு திருத்தம் சேர்த்துக்கொள்வேன்.

ஏழாவது படி: பலன் கணக்கை ஓரம் வையுங்கள்

கதை படித்தால் பிறர் மனசு புரியும் என்று ஆய்வு சொல்கிறது என்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2013இல் சயின்ஸ் இதழில் டேவிட் கிட், இமானுவேல் கஸ்டானோ என்ற இருவர் அப்படி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இலக்கியப் புனைவைக் கொஞ்ச நேரம் படித்தவர்கள் மற்றவர்களின் உணர்ச்சியை ஊகிக்கும் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள் என்றார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. 2016இல் வேறு ஆய்வாளர்கள் இன்னும் அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. வருடக்கணக்காகப் படிப்பதன் பலன் வேறு விஷயம், அதை இந்தச் சோதனைகள் அளக்கவில்லை. ஆனால் அரை மணி நேரம் நாவல் படித்தால் நல்லவராகிவிடலாம் என்று நம்பி யாரும் தொடங்க வேண்டாம், பிள்ளைகளை அப்படிச் சொல்லி மிரட்டவும் வேண்டாம். அறிவு வளரும் என்று அபுனைவை வாங்குகிறவர்களும், ஒரே கருத்தை இருநூறு பக்கத்துக்கு இழுத்திருக்கிற வெற்றி நூல்களில் அறிவு எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறை கணக்குப் பார்க்கலாம்.

எட்டாவது படி: காசு போடாமல் சோதியுங்கள்

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். ருசி தேடுகிறவருக்கு நூலகம்தான் சரியான இடம், வாங்கிய பாவத்துக்காகப் படித்து முடிக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. ஊரில் கிளை நூலகமோ மாவட்ட மைய நூலகமோ இருந்தால் உறுப்பினராகி, ஒவ்வொரு முறையும் ஒரு கதை, ஒரு கட்டுரை என்று எடுத்து வாருங்கள். சென்னையில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் 2010இல் வந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உட்கார்ந்து புரட்டிப் பார்க்க வசதியானவை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு தமிழ் நூல்களை மின்னூலாக இணையத்தில் தருகிற, 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட கல்கியின் நாவல்கள் அங்கே இலவசம். ஈழத்து நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற பெயரிலேயே இருக்கிற இணையதளம்.

எங்கே தொடங்குவது என்று இன்னும் கேட்பவர்களுக்கு

நாவலே படிக்காத செய்திப் பிரியர், சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தை ஒரு தெருவுக்குள் வைத்துக் காட்டுகிற அசோகமித்திரனின் 'தண்ணீ'ரில் தொடங்கலாம், ஒல்லியான புத்தகம், பிடிக்காவிட்டாலும் நஷ்டம் குறைவு. கட்டுரை என்றால் ஓடுகிற கதைப் பிரியர் முதலில் தன்வரலாறு, அப்புறம் பயணநூல், அப்புறம்தான் வரலாறு என்று வர வேண்டும், நேராக வரலாற்றுக்குப் போனால் மூச்சு முட்டும். காடு, பறவை என்று ஆர்வம் இருந்தால் சு. தியடோர் பாஸ்கரனின் இயற்கைக் கட்டுரைகள். சண்டை பிடிக்கிறவர்கள் ஜே.ஜே.யிலேயே இறங்கலாம், புரியவில்லை என்றால் முப்பது பக்கத்தில் விட்டுவிட்டு வருடம் கழித்து வாருங்கள்.

ஆறு மாதம் கழித்து முதல் படியில் போட்ட பட்டியலைத் திரும்ப எழுதுங்கள். எல்லாமே நாவலாக வந்தால் சரி, நீங்கள் நாவல் வாசகர்தான், அடுத்த புத்தகக் காட்சியில் கட்டுரை அரங்குகளைத் தாண்டி நிம்மதியாக நடந்து போகலாம்.